கல்லாங் ஆற்றங்கரை: ஓர் அரூப ஓவியனின் நாட்குறிப்பு

மார்ச் 16

காலை முழுவதும் சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் அமர்ந்து கோட்டோவியம் வரைந்தேன். இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடிய கல்லாங் ஆறு, 2012ல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி அமைக்கப்பட்டது. கூடுதலாகக் கிடைத்த அந்த அரைக் கிலோமீட்டர்தான் என் புதிய ஓவியத்தின் பொருள்.

நகரத்துக்கு நேர்கோடு, இயற்கைக்கு வளைகோடு என்று பங்கு பிரித்துச் சாம்பலும் பச்சையுமாகத் தீட்டும் அரூப (உருவமற்ற) ஓவியங்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒரு முறை பார்த்ததும் அவை தீர்ந்துவிடுகின்றன. இந்த ஆற்றின் வளைவுகளோ பொறியாளர்கள் கணக்குப் பார்த்துப் போட்டவை. அதே சமயம் கரையைச் சரியாமல் பிடித்து நிறுத்துவதில் பாறைகளுக்கும் செடிகளின் வேர்களுக்கும் பங்கு உண்டு. பூங்காவில் உள்ள ஒரு குன்றுகூட, பெயர்த்தெடுத்த பழைய கால்வாயின் கான்கிரீட் துண்டுகளைக் கொண்டு எழுப்பப்பட்டதுதான். நகரம் எங்கே முடிகிறது, இயற்கை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத இடம் இது.

மார்ச் 23

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மார்ச் மாதத்தில் இந்த நாள்களிலும் மீண்டும் செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. நம் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டு ஓடுவதால் அந்த உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றே கால் மணிவாக்கில் வாய்க்கிறது. அதற்காகவே சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறம் போய் நின்றேன்.

இரண்டாம் மாடிச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் ஒரு கைலி தொங்கியது. கட்டங்கள், பூ வேலை, கரை என்று எல்லாம் இருந்த அந்த அகலத் துணிக்குப் புல்லின் மேல் விழுந்த நிழல் ஒரே ஒரு கோடு; கழியும் துணியும் சேர்ந்து அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிட்டன. காற்று வந்தபோது மட்டும் கோட்டின் ஒரு பக்கம் சற்றே தடித்து, பிறகு மெலிந்தது. பக்கத்து வரிசையில் பத்தாம் மாடியில் காய்ந்த துணியின் நிழலோ, தரைக்கு வருவதற்குள் விளிம்பு கரைந்து வெறும் மங்கல் பட்டையாகிவிட்டிருந்தது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நான் வாரக்கணக்கில் திண்டாடும் வேலையைச் சூரியன் சில நிமிடங்களில் முடித்துக் காட்டிவிட்டது. கூர்மையான கோடு, கரைந்த கோடு இரண்டையும் ஓவியத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 1

வண்ணக் குழாய்கள் வாங்கினேன். விலையைப் பற்றி எழுதினால் மனம் கசக்கும், எழுதவில்லை. நீட்டிய ஐம்பது வெள்ளி (டாலர்) தாளின் பின்பக்கத்தில் ஓவியர் சென் வென் ஷியின் கிப்பன் குரங்குகள் இருந்தன. கிப்பன்களை வீட்டிலேயே வளர்த்து, அவற்றின் அசைவை அலுக்காமல் கவனித்தவர் அவர். அதே மனிதர் நாரைக் கூட்டத்தை வரையும்போது கால்களையும் கழுத்துகளையும் கோணத் துண்டுகளாக உடைத்து அடுக்கியிருக்கிறார். உற்றுப் பார்த்தவருக்குத்தான் உடைக்கவும் உரிமை உண்டு என்பது என் கட்சி.

ஏப்ரல் 9

விடிவதற்கு முன்பே சுமத்ராக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டியது. ஈரக்காற்றில் அக்ரிலிக் வண்ணம் மேலே ஆடை கட்டிக்கொள்கிறது, அடியில் உலர்வதில்லை. அத்தகைய நாளில், கோடு நேராக வர ஒட்டிய ஒட்டுநாடாவை உரித்தால் கோட்டின் விளிம்பும் பிய்ந்துவரும் என்பதால் கேன்வாஸைத் தொடாமல் பூங்காவுக்குப் போனேன். ஆறு அகலமாகிப் புல்வெளியின் மேல் ஏறியிருந்தது. பெருமழையில் வெள்ளத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே அந்தப் புல்வெளி தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமாக நான் உட்காரும் இடம் பழுப்பு நீருக்குள் இருந்தது. ஓவியத்தில் இதுவரை பச்சைக்குக் கொடுத்த இடத்தில் பெரும்பகுதி இந்தப் பழுப்புக்கே உரியது என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூட்டம், வீட்டில் விருந்தினர். வேலை நடக்கவில்லை.

ஏப்ரல் 19

முப்பது ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் உழைத்த எதிர்வீட்டு அண்ணன் காப்பி குடிக்க வந்தவர், சுவரில் சாய்த்திருந்த கேன்வாஸின் முன் நெடுநேரம் நின்றார். "தம்பி, நீங்க ஆறுன்னு சொல்றீங்க. எனக்கு என்னமோ சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சதும் கான்கிரீட்ல தெரியுற தடம் மாதிரி இருக்கு," என்றார். பாராட்டா குறையா என்று கேட்டதற்கு, "பலகைன்னா மரம்தானேப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர் போனபின் புளோக்குக்குப் பின்னால் உள்ள பழைய வடிகாலை அருகில் சென்று பார்த்தேன். கான்கிரீட் ஊற்றும்போது அச்சாக அடித்த பலகைகளின் தடமாக, சாம்பல் சுவரில் மரத்தின் ரேகைகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. ஓரிடத்தில் ஒரு கணு, அதைச் சுற்றி ரேகைகள் வளைந்து விலகி மறுபடி நேராகின்றன. பொறியாளரின் நேர்கோட்டுச் சுவரில், என்றோ வெட்டப்பட்ட மரம் தன் வளைவுகளைப் பதித்துவிட்டிருக்கிறது. மாலையில் கேன்வாஸைத் தரையில் கிடத்தி, இடதுபக்கத்தில் சாம்பல் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசி, பழைய பலகைத் துண்டொன்றை அதன் மேல் அழுத்தி எடுத்தேன். ரேகைகள் பாதிக்குத்தான் பதிந்தன, ஆனால் பதிந்தவை நன்றாக இருக்கின்றன. வலதுபக்கப் பழுப்பில் மெல்லிய பூச்சு போதும். பலகையை அங்கே கொண்டுபோகப் போவதில்லை.