முந்தாநாளே சொல்லியிருந்தால்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் கால் வைத்தால் செத்தல் மிளகாய் நெடி முதலில் மூக்கில் ஏறும். அப்புறம் மாசிக் கருவாடு, ஈரச் சாக்கு, வெங்காயம். அப்பா அங்கே ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. வடமராட்சியில் இருந்து கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் நான் கடையில்தான். அம்மாவுக்கு வீட்டில் ஒரு சத்தம் குறையும், அப்பாவுக்கு ஓடித்திரிய ஒரு ஆள்.

1977இல் எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் லொறியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா வங்கிக்குப் போயிருந்தார். திடீரென்று மழை. மூட்டை தூக்கும் நாட்டாமிமார் சாக்குகளை ஓடி ஓடி உள்ளே எடுத்தார்கள். எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிய நான் எதிர்க்கடை வாசலில் வடை தின்றுகொண்டு நின்றேன். ஒரு சாக்கு நடைபாதையில் கிடந்து ஊறிப்போயிற்று. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அதை அடுக்கின் பின்பக்கம், அடியில் போட்டுவிடச் சொன்னேன். சொன்னதைச் செய்துவிட்டு நாட்டாமி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் நாறியது. அடுக்கைப் பிரித்தார்கள். அழுகல் பக்கத்துச் சாக்குகளுக்கும் இறங்கியிருந்தது. அப்பா யார், ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை.

“இது உனக்கு எப்ப தெரியும்?”

“முந்தாநாள்.”

“முந்தாநாளே சொல்லியிருந்தா ஒரு சாக்கு. இண்டைக்கு ஏழு.”

அவ்வளவுதான். ஏழு சாக்கையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். ஒரு சாக்கு ஒரு அந்தர், அதாவது 112 றாத்தல். எத்தனை மாதச் சம்பளத்தில் கழிந்தது என்று எனக்குச் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில், ‘அன்று அப்பா கற்பித்த பாடத்தை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தேன்’ என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை.

1983 ஜூலைக் கலவரத்தில் கடையும் போயிற்று, கணக்குக் கொப்பிகளும் போயிற்று. அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சில நாள் இருந்தோம். பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் கிழமையே அப்பா நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, ஞாபகத்தில் இருந்த கணக்கையெல்லாம் எழுத உட்கார்ந்தார். கடை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதினார். கடைக்கு வரவேண்டியதை எழுதும்போது பாதி ஞாபகம் இல்லை என்றார். அவருடைய ஞாபகசக்தி எனக்குத் தெரியும். அதனால் அதை நான் நம்பவில்லை.

1986இல் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியிருந்த காலம். மூட்டை மூட்டையாக ஏற்றிய துறைமுகம் கொள்கலன் என்ற இரும்புப் பெட்டிக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்பாவின் கடை மாதிரியே பட்டது. சாக்கு இரும்பாகிவிட்டது, உள்ளே என்ன, எவ்வளவு நிறை, யார் பொறுப்பு என்ற கேள்விகள் அப்படியே இருந்தன.

1994இல் டுபாய்க்குப் போனேன். அங்கே ஜெபல் அலித் துறைமுகத்தில், குளிரூட்டிய பெட்டிகளின் பட்டியல் தயாரிப்பது என் வேலை. உறைந்த இறால் என்றால் மைனஸ் 18 பாகை. ஒரு நாள் அந்த மைனஸை அடிக்க மறந்துவிட்டேன். யார்டில் இருந்தவர் பட்டியலில் உள்ளபடியே பெட்டியின் குளிரைத் திருத்திவைத்துவிட்டார். 18 பாகை, இறால் சுகமாகக் கரையும் சூடு. கப்பல் புறப்பட்ட அன்று மாலையே பிழை என் கண்ணில் பட்டது. கப்பலுக்கு ஒரு டெலெக்ஸ் அடித்திருந்தால் போதும், அங்கிருந்த மின்பொறியாளர் ஒரு நிமிடத்தில் சரி செய்திருப்பார். நான் என்ன செய்தேன்? அந்தப் பட்டியலை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு, கப்பலில் எப்படியும் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை வாய் திறந்தபோது பெட்டியின் கதவோரம் இருந்த இறால் கையை விட்டுப் போயிருந்தது.

என் மேலாளர் ஒரு மலையாளி. அமைதியான மனிதர். முதலில் கப்பலுக்குச் செய்தி அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, “இது உங்களுக்கு எப்போது தெரியும்?” என்றார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வெங்காய நாற்றம் மூக்கில் அடித்தது என்று சொன்னால் மிகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை போகவில்லை. அந்த மனிதர் நட்டஈட்டுக் கடிதத்தில் ‘எங்கள் பிரிவின் தவறு’ என்றுதான் எழுதினார். அதற்குப் பிறகு நான் வேலையில் எதையும் மறைத்ததில்லை. பெருமை ஒன்றும் இல்லை, பயம்தான் காரணம்.

2003இல் ரொட்டர்டாம். அங்கே போனதும் பழக்கமான சொற்கள் காதில் விழுந்தன. நம் கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள்தானே. ஆனால் பேசும் முறை நமக்கு ஒத்துவராதது. ஒரு கூட்டத்தில், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் என் முகத்தைப் பார்த்து, “உங்கள் திட்டம் சரிவராது, வியாழக்கிழமை இடிக்கும்” என்றாள். பெரியவர்கள் பேசும்போது வாய் காட்டாதே என்று வளர்ந்தவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை இடித்தது.

2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்து, பிறகு டெவன் கரையில் தரைதட்டியது. விசாரணையில், மேல்தளத்து உலர்ந்த பெட்டிகள் 660ஐ நிறுத்துப் பார்த்தபோது 137 பெட்டிகளின் நிறை, தாளில் எழுதியதற்கு மூன்று தொன்னுக்கு மேல் வித்தியாசமாக இருந்தது. நிறுத்துச் சான்று தராமல் பெட்டியை ஏற்றக்கூடாது என்ற சட்டம் உலகம் முழுக்க வர 2016 ஜூலை வரை பிடித்தது. நாலாம் குறுக்குத் தெருவில் தராசில் ஏற்றாத சாக்கை ஒரு நாட்டாமி தோளில் வைக்கமாட்டார்.

சிங்கப்பூரில்தான் முதன்முதலாக ஒரு பெரிய பிரிவுக்குத் தலைவனானேன். முப்பத்தைந்து பேர். முதல் ஆண்டு எல்லாம் அருமையாகப் போனது போல இருந்தது. யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சொல்லவில்லையே தவிர, குறைகள் இருந்தன. பக்கத்து அறையில் இருந்த சீன நண்பர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “கெட்ட செய்தி கேட்கும்போது உன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாயா?” என்றார். நான் கத்துவதில்லை, ஏசுவதில்லை. ஆனால் புருவம் சுருங்குமாம், பேனாவை மேசையில் தட்டுவேனாம். அது போதுமாம்.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். தவணைப் பரீட்சை ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தால் அம்மா அதைத் தொடவே மாட்டா. “மேசையில வை தம்பி, முதல்ல சாப்பிடு.” சாப்பிட்டு, ஒரு பிளேன்ரீயும் குடித்து முடிக்கும்போது, கணக்கில் 34 என்று நானே சொல்லிவிட்டிருப்பேன். அம்மா அப்போதும் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருப்பா. முகம் தெரியாது. வேண்டுமென்றே திரும்பி நின்றாவோ என்னவோ, கேட்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

சிங்கப்பூரில் அதையே செய்தேன். யாராவது அறை வாசலில் தயங்கி நின்றால், கீழே கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு கெட்ட செய்திகள் குவிந்தன. மேலிடம் என் பிரிவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது. அதை விளக்க இன்னொரு ஆண்டு பிடித்தது.

2019இல் வேலையை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தது. நைத்திரிக்கமிலம் கசிந்த பெட்டி ஒன்று அதில் இருந்தது. கசிவு தெரிந்து நாட்களாகியும், இரண்டு துறைமுகங்களில் கேட்டும், அந்தப் பெட்டியை இறக்க முடியவில்லை. நீர்கொழும்புப் பக்கக் கரையில், கப்பலில் இருந்து ஒதுங்கிய வெள்ளை பிளாஸ்டிக் மணிகளைச் சாக்கில் அள்ளுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமைதான் மகள் மெல்பேர்னில் இருந்து அழைத்தாள். படிப்பை விட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது என்றாள். பேக்கரி ஒன்றில் வேலையாம்.

“ஏன் பிள்ளை, முதலே சொல்லேல்ல?”

“சொன்னா ஏசுவீங்கள் எண்டு நினைச்சன் அப்பா.”

“நான் எப்ப ஏசியிருக்கிறன்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அது வீடியோ அழைப்பு.

“இப்ப உங்கட முகத்தைப் பாருங்கோ” என்றாள்.