கல்லீரல் மருந்து ட்ரையலில் சேரச் சொன்னால்

ஃபேட்டி லிவர் முற்றி ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்தவரிடம், "ஒரு புது மருந்து ட்ரையல் நடக்குது, சேர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி "மருந்து வேலை செய்யுமா?" என்பதுதான். அது தெரியாததால்தான் ட்ரையலே நடக்கிறது. கேட்டுப் பார்க்க வேண்டியது வேறு: எனக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை விழுந்தாலும் இதில் சேர்வது எனக்குச் சரிவருமா?

இதே நோய்க்கான ரெஸ்மெடிராம் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. 966 பேரிடம் நடந்த அதன் ட்ரையலில், 52 வாரம் கழித்து ஈரல் அழற்சி அடங்கியவர்கள் குறைந்த டோஸில் 100க்கு 26 பேர், கூடிய டோஸில் 30 பேர், வெறும் மாத்திரையில் 10 பேர். ஜெயித்த மருந்திலேயே 100க்கு 70 பேருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வெறும் மாத்திரை விழுங்கிய 10 பேருக்குக் கிடைத்தும் இருக்கிறது. எடை குறைத்தாலே ஈரல் ஓரளவு தேறும் என்பதால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இந்த வகை ட்ரையலில் உடம்பு கொடுக்கும் பெரிய விலை பயாப்ஸி, அதாவது ஈரலில் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ரத்தப் பரிசோதனை, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எல்லாம் தாண்டிய பிறகு, தழும்பு எஃப்2 அல்லது எஃப்3 கட்டத்தில் (எஃப்0 என்றால் தழும்பே இல்லை, எஃப்4 என்றால் சிரோசிஸ்) இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, மருந்துக் காலம் முடிந்ததும் இன்னொன்று. வலது விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, மூச்சை அடக்கச் சொல்லி, நூல் மாதிரி ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் சதையை எடுப்பார்கள். எடுக்கும் நேரம் ஓரிரு நொடிதான். அதன்பின் சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலது தோள்பட்டை லேசாக வலிப்பது வழக்கம். வலி ஏறிக்கொண்டே போய், தலைசுற்றி, நாடி வேகமெடுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டி வரலாம். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

முதல் பயாப்ஸி முடிந்த பிறகும் "நீங்கள் பொருந்தவில்லை" என்று அனுப்பிவிடலாம். இது அடிக்கடி நடப்பதுதான். அப்படியானால் ரிப்போர்ட் கையில் தருவார்களா, செலவு யாருடையது என்று ஊசி குத்துவதற்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது கஷாயம். நம்மூரில் ஈரல் என்றாலே யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ட்ரையலின் நடுவே எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) ஏறினால், ஏற்றியது மருந்தா கஷாயமா என்று பிரிக்க முடியாது. எஸ்.ஜி.பி.டி. இயல்பான உச்ச அளவின் மூன்று மடங்கைத் தாண்டி, பித்தநீர்க் குழாயில் அடைப்பில்லாமலே பிலிரூபினும் (மஞ்சள் காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) இரண்டு மடங்கைத் தாண்டினால் அது பெரிய அபாய மணி; மருந்தை நிறுத்திவிடுவார்கள். சாப்பிடுவதை எல்லாம், சத்துப் பவுடர் உட்பட, ட்ரையல் கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபத்து உடனே தெரிந்துவிடும் என்றும் நம்ப முடியாது. 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில், ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலூரிடின் என்ற சோதனை மருந்தைக் கொடுத்தார்கள். வைரஸ் நன்றாகக் குறைந்தது. 13ஆவது வாரத்தில் ஒருவருக்கு ஈரல் செயலிழந்ததும் எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பாதிப்பு ஓயவில்லை. மொத்தம் 7 பேருக்கு ஈரல் செயலிழந்து, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்று ஈரலால் பிழைத்தார்கள். எனவே "பக்கவிளைவு உண்டா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "இதுவரை எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை மாதம் சாப்பிட்டிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சிலரிடம் சோதிக்கும் இரண்டாம் கட்ட ட்ரையலுக்கும் பலரிடம் சோதிக்கும் மூன்றாம் கட்ட ட்ரையலுக்கும் உள்ள தூரம் அந்தப் பதிலிலேயே புரிந்துவிடும்.

இனி காகிதம். இந்தியாவில் 2009 ஜூன் முதல் எந்த மருந்து ட்ரையலும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய ட்ரையல் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். எண்ணை வாங்கி இணையத்தில் தேடுங்கள். இந்தியாவின் 2019 மருந்து ட்ரையல் விதிகளின்படி, ட்ரையலின்போது பாதிப்பு வந்தால், தேவைப்படும்வரை, அல்லது அதற்கும் ட்ரையலுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும்வரை, இலவச சிகிச்சை தர வேண்டும். கொடுத்திருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் வெறும் மாத்திரையில் விட்டதால் கெடுதல் வந்தாலும் இழப்பீடு உண்டு. பலரும் கவனிக்காத வரி இது. மரணத்துக்கான கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பெருக்கி வருவது. நோய் முற்றியவருக்குத் தொகை குறையும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் விதி அதுதான்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ட்ரையலில் சேர்பவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் எதிக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் அதில் இருக்க வேண்டும். "இன்னைக்கே கையெழுத்து போடுங்க" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

கையெழுத்துப் போட்டபின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை உங்கள் ஈரலுக்கே தேவை. மிச்ச மாத்திரையை எண்ணித் திருப்பி வாங்குவார்கள், காலி அட்டையையும் குப்பையில் போட்டுவிடாமல் கொண்டுபோங்கள்.