ஒட்டு பிடிப்பதும் நோய் தணிவதும்

என் பெரியப்பா களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர். பட்டையை ஆழம் தவறாமல் சீவிய அவருடைய வலக்கை மெல்ல மெல்ல வேகம் இழந்தபோதுதான், அது பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை தொடக்கத்தில் நன்றாகவே கேட்டது. இப்போதோ அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகிவிடுகிறது. இந்த நிலையில், முதுகுத்தண்டு வழியாக ஸ்டெம் செல் (வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு) ஊசி போட்டால் குணமாகும் என்று வெளியூர் மருத்துவமனை ஒன்று சில லட்சம் ரூபாய் கேட்க, அண்ணன் தோட்டத்தில் ஒரு பகுதியை ஒற்றிக்கு வைக்க யோசிக்கிறார். பெரியப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஒட்டுக் கட்டுன ரப்பர் கன்னு மாதிரி மூளையிலயும் ஒட்டு பிடிக்குமா, மக்ளே?"

பிடிக்கும். நடுமூளையில், அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் (நரம்பு செல்கள்) அழிவதே இந்த நோயில் உடலசைவு குன்றுவதற்கு முதன்மைக் காரணம். 1987-இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஓல்லே லிண்ட்வால், ஆண்டர்ஸ் பியோர்க்லுண்ட் ஆகியோரின் குழு, கருக்கலைப்பில் கிடைத்த கருவின் நடுமூளைத் திசுவை நோயாளிகளின் மூளையில் வைக்கத் தொடங்கியது. அணுக்கள் அழிந்த இடத்தில் அல்லாமல், டோபமின் போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே அதை வைத்தார்கள். வளர்ந்த மூளையில் நரம்பிழைகள் அவ்வளவு தொலைவு வளர்ந்து சென்று சேர்வது அரிது என்பதே காரணம். அவர்களுள் ஒருவர் 24 ஆண்டுகளுக்குப் பின் இறந்தபோது, வைத்த அணுக்கள் அவருடைய மூளையில் உயிரோடு கிளைத்திருந்தன.

ஆனால் ஒட்டு பிடிப்பது வேறு, நோய் தணிவது வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டியது 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் சேர்ந்த 40 பேருக்கும், விழித்திருக்கும் நிலையிலேயே, மண்டையோட்டில் துளையிடப்பட்டது. ஆயினும் 20 பேருக்கு மட்டுமே திசு வைக்கப்பட்டது, மற்றவர்களுக்குத் துளையோடு நிறுத்திக்கொண்டார்கள். திசு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது வளர்ந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஓராண்டு முடிவில், தங்கள் நலம் பற்றி நோயாளிகளே இட்ட மதிப்பீட்டில் இரு பிரிவினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 60 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மட்டும் மருத்துவச் சோதனைகளில் முன்னேற்றம் காணப்பட்டது. பின்னர், திசு பெற்ற சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் அடங்காத அசைவுகள் தோன்றின. தனக்கு அணு கிடைக்காமலே போகலாம் என்று அறிந்து மண்டையோட்டைத் துளைக்கச் சம்மதித்த அந்த மனிதர்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அவர்கள் இல்லையென்றால், அறுவை நடந்தது என்ற நம்பிக்கையால் வரும் தெம்பையும் அணுக்களால் வரும் பயனையும் பிரித்தறிய வழி இருந்திருக்காது.

கருத்திசு போதிய அளவில் கிடைப்பதில்லை, ஒருமுறை கிடைப்பது மறுமுறை கிடைப்பதைப் போல இருப்பதும் இல்லை. அந்தத் தடையை ஆய்வகத்தில் வளர்த்த ஸ்டெம் செல்கள் நீக்கியிருக்கின்றன. கியோட்டோவில் ஜுன் தகாஹாஷியின் குழு 7 பேருக்கும், வட அமெரிக்காவில் மற்றொரு குழு 12 பேருக்கும் இவ்வாறு உருவாக்கிய அணுக்களை வைத்து, 2025 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டன. கட்டி எதுவும் உண்டாகவில்லை, சிலருக்கு அசைவு மேம்பட்டது. இது உண்மையான முன்னேற்றம் என்றே கருதுகிறேன். எனினும் இரண்டிலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை, இரண்டுமே முதன்மையாகப் பாதுகாப்பைச் சோதித்தவை.

அண்ணனிடம் கேட்கப்பட்ட பணத்துக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடுப்பருகே முதுகுத்தண்டில் போடும் அந்த ஊசியில் இருப்பவை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பிலோ எடுத்த அணுக்கள். அவை மூளைக்குள் சென்று டோபமின் நரம்பணுக்களாகி இறந்தவற்றின் இடத்தை நிரப்பும் என்பதற்குச் சான்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர, மற்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கின்றன. அந்த மருத்துவமனையிடம் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேட்குமாறு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ஒற்றிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம் என்றும், மாத்திரை நேரங்களை மாற்றுவது பற்றியும் மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை பெரியப்பாவுக்குப் பொருந்துமா என்பது பற்றியும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் முதலில் கேட்டுவருவோம் என்றும் சொல்லியிருக்கிறேன்.