பழைய காரில் வோல்ட் எங்கே தொலைகிறது?

ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றுகிறார்கள். செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) திணறினால் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பழி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் விழுகிறது. பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இந்தச் சாமான்களில் இருப்பதில்லை. அவற்றைச் சேர்க்கும் இடங்களில்தான் இருக்கும்: துருவேறிய எர்த் போல்ட் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு சேர்ப்பது), பச்சை பிடித்த கனெக்டர், தளர்ந்த டெர்மினல். கோளாறைப் பிடிக்க, வோல்ட், ஓம், ஆம்பியர் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். வரவில்லையா? பெல்ட்டைப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு ஆரம்பக் கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போச்சு.

அடுத்தது செல்ஃப். மீட்டரில் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் வசதியை வைத்துக் கேபிளைச் சோதிப்பதில் பயனில்லை. நூறு இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு இணைப்பில் 0.01 ஓம் இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாது. அதனால் ஓமை விட்டுவிட்டு, கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷனைத் துண்டியுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வரை பரவாயில்லை. 1 வோல்ட் காட்டினால் எர்த் கேபிளோ அதன் இணைப்புகளோதான் குற்றவாளி. இதேபோல் பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

சரிசெய்ய, முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், துரு போய்ப் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

ஹெட்லைட்டிலும் இதே கணக்குதான். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பல பழைய கார்களில் இது முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) போட்டால் தீரும். அதன் கால்களில் எண்கள் இருக்கும்: 30-க்கு பேட்டரியிலிருந்து, பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்த தடித்த வயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய சுவிட்ச் வயர், 85 எர்த்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறதா? டெயில் லேம்ப் எர்த் போய்விட்டது. திரும்ப வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பு வழியே எர்த்துக்குப் போகிறது.

ராத்திரி நின்றாலே பேட்டரி இறங்கினால், நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் சேருங்கள். சாவியைத் தொடாதீர்கள், செல்ஃப் அடித்தால் மீட்டர் காலி. 50 மில்லி ஆம்பியருக்குள் கவலையில்லை. 300 என்றால், 45 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி ஆறு நாளில் முழுவதும் இறங்கிவிடும். வண்டி அதற்கு முன்பே கிளம்பாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. எதிலும் சரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடை (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) சந்தேகிக்கலாம். முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்.