பேனலில் எப்போதும் 'ஃபுல்', டேங்கில் கேஸ் இல்லை

எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே சமைத்து, தூங்கிப் பயணிக்கும் வண்டி) அடுப்புக்கு மேலே ஒரு பேனல் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் தண்ணீர், கழிவுநீர், பேட்டரி, கேஸ் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று சின்னச் சின்ன விளக்குகள் எரிந்து காட்டும். கேஸ் வரிசையில் மட்டும் எப்போது அழுத்தினாலும் 'ஃபுல்'தான். கோடையில் இந்த கேஸ், அதாவது புரொப்பேன், அதிகம் செலவாகாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அக்டோபர் கடைசியில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் தங்கியிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சுமார் 2,100 மீட்டர் உயரம், வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது, இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் குளிர். விடிவதற்கு முன் ஹீட்டரிலிருந்து வெறும் குளிர்காற்று வர ஆரம்பித்தது. அடுப்பைப் பற்ற வைத்தால் டிக் டிக் சத்தம் மட்டும். பேனலை அழுத்தினால் 'ஃபுல்'. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் டேங்கின் மேலேயே இருக்கும் டயலைப் பார்த்தால், அதில் முள் 60-இல் நிற்கிறது.

இரண்டு இடத்திலும் கேஸ் இருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் முதலில் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம் போகும். எனக்கும் போனது. ஆனால் ரெகுலேட்டரில் கை வைப்பதற்கு முன் டேங்கில் உண்மையிலேயே திரவம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழி இருக்கிறது: சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எது வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்ப்பது. அம்மா அப்படித்தான் பார்ப்பார். நான் வெந்நீர் முறையில் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரை டேங்கின் பக்கவாட்டில் மேலிருந்து ஊற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே கீழே வர வேண்டும். திரவம் இருக்கும் உயரத்தில் இரும்பு சட்டென்று குளிர்ந்து தட்டுப்படும், ஏனென்றால் உள்ளே இருக்கும் திரவம் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். எங்கள் டேங்கில் மேலிருந்து அடி வரை எங்கும் அந்தக் கோடு கிடைக்கவில்லை. ஆக டேங்க் காலி, கேஜ் இரண்டும் பொய்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சிலிண்டரைக் கழற்றி எடை போட்டுப் பார்த்துவிடலாம். மோட்டார்ஹோமில் டேங்க் சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கியது, கழற்றி எடுத்துப் போக முடியாது, நிரப்ப வேண்டும் என்றால் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

வில்லியம்ஸ் ஊருக்கு வந்து கேஸ் நிரப்பினோம். எங்கள் டேங்கின் தகட்டில் தண்ணீர்க் கொள்ளளவு 20 கேலன் என்று போட்டிருக்கிறது. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் புரொப்பேனை 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள், அதாவது 16 கேலன். டயலில் இருக்கும் எண்ணும் மொத்தக் கொள்ளளவில் சதவீதம்தான், அதனால் 80 என்றால்தான் ஃபுல், 40 என்றால் பாதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் 50-இல் முள் நிற்பதைப் பார்த்துப் பாதி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. டயல் சொன்ன 60 உண்மையாக இருந்தால் 4 கேலன் ஏறியதும் நிற்க வேண்டும். நிரப்புகிறவர் 80 சதவீத மட்டத்தைக் காட்டும் சின்ன ப்ளீடர் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, அதிலிருந்து வெள்ளைப் புகை மாதிரித் திரவம் சீறும் வரை விட்டார். பம்பு மீட்டரில் 16-ஐ ஒட்டி வந்து நின்றது. சுமார் 30 கிலோ, நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு முழுதாக உள்ளே போயிருக்கிறது. அப்புறமும் டயல் முள் அசையவில்லை, அதே 60.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு மோட்டார்ஹோம் பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன். டயலை எட்டிப் பார்த்தவர், உள்ளே மிதவை உடைந்திருக்கும், டேங்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆயிரம் டாலருக்கு மேல் ஒரு தொகை எழுதிக் கொடுத்தார். டயலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டேங்கை மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இந்த கேஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டேங்குக்குள் ஒரு மிதவை. திரவத்தின் மட்டத்தோடு அது ஏறி இறங்கும்போது சின்னப் பல்சக்கரம் வழியாக ஒரு தண்டைத் திருப்பும். அந்தத் தண்டின் நுனியில் ஒரு காந்தம். அதற்கு மேலே டேங்கின் உலோகம் மூடியிருக்கிறது, ஓட்டை எதுவும் கிடையாது. வெளியே இருக்கும் டயலின் அடியில் இன்னொரு காந்தம், உள்ளே இருப்பது திரும்பினால் இதுவும் திரும்பும், முள்ளும் கூடவே நகரும். ஆகவே டயலைக் கழற்றினால் கேஸ் வெளியே வராது. பேனலுக்குப் போகும் வயர்களும் டயலில் இருந்துதான் கிளம்புகின்றன. முள் நகரும்போது டயலின் மின்தடையும் மாறும், அதை வைத்துத்தான் பேனல் அளவு காட்டும். எங்களுடையது 0-இலிருந்து 90 ஓம் வரை மாறும் வகை, 0 காலி, 90 ஃபுல். எல்லா வண்டியிலும் இப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், தலைகீழாகவும் வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். டயலைப் பிடித்திருப்பது இரண்டு சின்ன ஸ்க்ரூ. அதைச் சுற்றி இன்னும் பெரிதாகச் சில போல்ட்கள் இருக்கும், அவை கேஜின் தலையை டேங்கோடு பிடித்திருப்பவை. அவற்றைத் தொடக் கூடாது. தளர்த்தினால் டேங்கைத் திறந்த மாதிரி, உள்ளே வெயில் நாளில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்த வேலை உரிமம் உள்ளவர்களுடையது.

மெயின் வால்வை மூடி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, கேஸ் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு டயலைக் கழற்றினேன். கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கட்டியிருந்தது, முள்ளின் அடியில் துரு. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து டயலின் அடியில் வைத்துச் சுற்றினேன். நல்ல டயல் என்றால் முள் கூடவே சுற்றும். இது இம்மி அசையவில்லை. அப்புறம் ஒரு சின்ன திசைகாட்டியை டேங்கின் மேல் டயல் இருந்த குழியில் வைத்துப் பார்த்தால் அதன் ஊசி வடக்கை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றது. உள்ளே காந்தம் இருக்கிறது. அது மிதவையோடு நகர்கிறதா என்பது இதில் தெரியாது, அதனால் சில நாள் ஹீட்டரை ஓடவிட்டு, கொஞ்சம் கேஸ் செலவானதும் மறுபடி வைத்துப் பார்த்தேன். ஊசி நிற்கும் திசை மாறியிருந்தது. டேங்கை மாற்றச் சொன்ன காரணம் அதோடு முடிந்தது.

பேனல் ஏன் 'ஃபுல்' காட்டுகிறது என்பது தனிக் கதை. டயல் 60-இல் சிக்கியிருந்தால் பேனல் ஃபுல்லுக்கு ஒரு விளக்கு கீழேதானே காட்ட வேண்டும்? வயர் இரண்டையும் டயலில் இருந்து பிடுங்கினேன், பேனல் 'ஃபுல்'. இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்தேன், அப்போது 0 ஓம், 'காலி' என்று வர வேண்டும், ஆனால் அப்போதும் 'ஃபுல்'. சர்க்யூட் எங்கேயோ அறுந்திருக்கிறது, அறுந்தால் தடை 90 ஓமையும் தாண்டிவிடும், பேனல் அதை 'ஃபுல்' என்றே எடுத்துக்கொள்ளும். சிக்னல் வயரை மட்டும் ஒரு துண்டு வயரால் சேசிஸில் வேறொரு சுத்தமான போல்ட்டில் தொட வைத்ததும் 'காலி' வந்துவிட்டது. ஆக பேனலும் சிக்னல் வயரும் நல்லவை, எர்த்தான் இல்லை. எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனால், சேசிஸில் அது முடியும் இடத்தில் வளையம் துருப்பிடித்துப் பொடிந்திருந்தது. குளிர்காலச் சாலைகளில் பனி உருகத் தூவும் உப்பு நேராக வந்து படும் இடம் அது. வளையத்தை வெட்டிப் புதிதாக ஒன்று போட்டு, சேசிஸை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிக் கிரீஸ் தடவிவிட்டேன்.

டயல் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும், ஆனால் டேங்கின் உச்சியில் கேஜ் இருந்தால் ஒரு டயல், பக்கவாட்டில் இருந்தால் இன்னொன்று. மாற்றிப் போட்டால் முள் நகரும், எண் தப்பாக இருக்கும். பழைய டயலின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே பார்த்து, ஓம் அளவும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து ஆர்டர் செய்யுங்கள். விலை, கடைக்காரர் எழுதிக் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. தேடும்போது, குழாயில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தோடு கண்ணில் படும், இன்னும் மலிவு. அதை வாங்க வேண்டாம். அது அளக்கிறது அழுத்தத்தை. டேங்கில் திரவம் கொஞ்சம் இருந்தாலும் முழுக்க இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான், குளிர் வெயிலைப் பொறுத்துத்தான் அது மாறும். 21 டிகிரி செல்சியஸில் சுமார் 110 பிஎஸ்ஐ, மைனஸ் 7-இல் சுமார் 40. கடைசித் துளி தீரும் வரை பச்சையில் நின்றுவிட்டு அப்புறம் விழும்.

புது டயலைக் குழியில் வைத்த உடனே முள் 80-க்குச் சற்றுக் கீழே போய் நின்றது, நாங்கள் செலவு செய்ததற்குச் சரியான கணக்கு. வால்வைத் திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் உள்ளே இருக்கும் அதிக ஓட்டத் தடுப்பு வால்வு மூடிக்கொண்டு அடுப்பு மினுக்கி மினுக்கி எரியும், கேஸ் இல்லை என்று மறுபடி பயந்துவிடுவோம். முதலில் அடுப்பு, அது சீராக எரிந்த பிறகு மற்றவை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதை விடக் கூடாது, டேங்க் ஒருமுறை முழுக்கத் தீர்ந்துபோய் நிரப்பினால் கசிவு பார்ப்பது கட்டாயமும்கூட.

இப்போது கேஸ் நிரப்பும்போது டயல் எண்ணையும் பம்பில் ஏறிய கேலனையும் எழுதி வைக்கிறோம். இரண்டும் ஒத்துவராத அன்றைக்கு மறுபடி காந்தத்தை எடுக்க வேண்டியதுதான். எங்கள் ஹீட்டர் மணிக்கு 30,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பிடியூ, ஆக நிறுத்தாமல் ஓடினால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு கேலன் என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். வெயில் ஏறிய மதியத்தில் டயல் காலையை விட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அது பழுது இல்லை, புரொப்பேன் சூட்டில் விரிகிறது.