புதிதாக வரும் தன்னார்வலருக்கு முதலில் எதைக் கொடுப்பது?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து, மாத்திரை கொடுக்கும் வேலைக்கு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். ஒருவர் கல்யாணமாகிப் போவார், இன்னொருவருக்கு வேறு வேலை கிடைக்கும், அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருவார். ஒவ்வொருவருக்காகவும் தனியாகப் பயிற்சி வகுப்பு வைக்க முடியாது, அடுத்த வகுப்பு வரைக்கும் அந்தத் தெருக்காரர்கள் மாத்திரை இல்லாமல் இருக்கவும் முடியாது. அதனால் எங்கள் சுகாதார நிலையத்தில், சேர்ந்த அன்றே தானாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி ஒரு அட்டையும் சில குட்டி வீடியோக்களும் வாய்ஸ் நோட்டுகளும் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

இப்படி ஒன்றைத் தயாரிக்க உட்கார்ந்தாலே திட்டத்தின் நோக்கம், யாருக்குக் கீழே யார், எந்தப் பதிவேடு என்று எழுதத்தான் கை போகும். புதிதாக வந்தவர் மனதில் ஓடுவதோ வேறு. கதவைத் தட்டி என்ன சொல்வது? "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டால்? மெஷினில் 178 என்று வந்தால் அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் அட்டை இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. நோக்கமெல்லாம் பின்பக்கத்தில், இரண்டே வரி.

பிபி பார்ப்பதை மட்டும் நிதானமாகச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் மெஷின் எப்படியும் ஒரு எண்ணைக் காட்டிவிடும், அது சரியான எண்தானா என்பது உட்காரவைத்த விதத்தில் இருக்கிறது. வயலிலிருந்து வந்தவர் ஐந்து நிமிடமாவது சும்மா உட்காரட்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி எதுவும் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டையை ரவிக்கைக் கைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். பேசக் கூடாது என்பதுதான் ரொம்பக் கஷ்டம், தெரிந்த பெண் வீட்டுக்கு வந்தால் யார் பேசாமல் இருப்பார்கள்? அதனால் வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம்: "ஒரு நிமிஷம் ஆயா, மெஷின் நின்னதும் பேசலாம்." 140/90-ஐத் தாண்டினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால், நோய் என்று தன்னார்வலர் முடிவு சொல்ல வேண்டியதில்லை, டாக்டரிடம் அனுப்பிவைத்தால் போதும்.

சுகர் ஸ்ட்ரிப்புக்கு ஒரே வீடியோ: ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை மூடு, தேதியைப் பார், விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்து. ஆனால் அடுத்தவர் விரலில் ஊசி குத்தும் தயக்கம் எந்த வீடியோ பார்த்தாலும் போகாது. அதற்குப் பழைய அக்கா ஒருவர் முதல் சில வீடுகளுக்குக் கூடவே போக வேண்டும், அதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்புறம், அட்டையின் அடியில் கிராம சுகாதார செவிலியரின் நம்பர் பெரிதாக இருக்கும்.

அந்த நம்பருக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அது வாய்ஸ் நோட்டாகிவிடும். கடைசியாகச் சேர்த்தது, "பிபிதான் சரியாயிடுச்சே, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று கேட்பவருக்கான பதில்: "மாத்திரை போடறதாலதான் சரியா இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுக்கலாம்."