இரண்டு ஃபோட்டான், ஒரு பைஎக்சிடான்

குறைக்கடத்தியில் ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டால் அது எக்சிடான், கிட்டத்தட்ட ஹைட்ரஜன் அணு. சரி, ஹைட்ரஜன் மூலக்கூறு மாதிரி இரண்டு எக்சிடான்கள் சேருமா? சேரும் என்று 1958இலேயே இயற்பியலாளர் லாம்பர்ட் சொல்லிவிட்டார். அந்த ஜோடிதான் பைஎக்சிடான்.

இதை ஒளியால் உண்டாக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், வேண்டும். ஜோடி சேரும்போது கொஞ்சம் ஆற்றல் (இதுதான் பிணைப்பாற்றல்) குறைவதால், ஒவ்வொரு ஃபோட்டானும் எக்சிடான் ஆற்றலைவிடப் பிணைப்பாற்றலில் பாதி குறைவாக இருந்தால் போதும். காப்பர் குளோரைடு என்ற குறைக்கடத்தியில் பிணைப்பாற்றல் சுமார் 30 மில்லி எலக்ட்ரான்வோல்ட், ஆக பாதி 15தான். இடைநிலையான எக்சிடான் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இரு ஃபோட்டான் உட்கவர்தல் அசாதாரணமாக வலுக்கிறது. இயற்பியலாளர் ஹனமுரா 1973இல் விளக்கியது இதைத்தான். ஆனால் இரண்டு ஃபோட்டான்களும் ஒரே திசையில் சுழலும் வட்ட முனைவாக்கம் கொண்டிருந்தால் வேலை நடக்காது. பைஎக்சிடானின் மொத்தச் சுழற்சி சுழியம், எதிரெதிர் சுழற்சிதான் வேண்டும்.

குவாண்டம் புள்ளியில் (சில நானோமீட்டர் அளவிலான குறைக்கடத்தித் துணுக்கில்) இந்த ஜோடி உடையும்போது இரண்டு ஃபோட்டான்கள் அடுத்தடுத்து வரும், பின்னிப்பிணைந்த நிலையில், அதாவது ஒன்றின் முனைவாக்கத்தை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி. ஜோடியை உண்டாக்கும் லேசர் ஃபோட்டானின் ஆற்றல் வெளிவரும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அதை வடிகட்டிவிடலாம், பெரிய வசதி! தொல்லை ஒன்றுண்டு: புள்ளி சமச்சீராக இல்லையென்றால் இடையிலுள்ள எக்சிடான் மட்டம் சில மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் பிளந்து, ஃபோட்டான்களின் இந்தப் பின்னிப்பிணைந்த நிலையை அளப்பதே கடினமாகிவிடும்.